காருக்கு அடியில் நீண்ட கை

கணவர் கப்பல் வேலைக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு வாசலில், ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயிலை நானே மாற்றத் துணிந்தேன். ஜாக்கியில் காரைத் தூக்கி, அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினேன். சூடான ஆயில் தட்டில் இறங்கத் தொடங்கியதும் ஜாக்கி மணலில் சாய்ந்தது. கார் என் நெஞ்சின்மேல் அழுந்தியது.

மூச்சு இழுக்க முடியவில்லை. வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. ஆயில் கழுத்தை நனைத்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கையிலிருந்த ஸ்பேனரால் தட்டை அடித்துக்கொண்டே இருந்தேன்.

தெருவில் மீன் விற்றுவந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏளா, அசையாத!" என்று கத்திவிட்டு, சுவரோரம் கிடந்த கருங்கல்லை உருட்டிவந்து, கார் மேலும் இறங்காதபடி அடியில் செருகினார். ஆட்களைக் கூவி அழைத்தார். பிறகு தானும் மணலில் படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய போங்கம்மா," என்று எப்படியோ முனகினேன்.

"போகமாட்டேன். தனியாக் கிடந்தா பயந்துபோவ. என் மூஞ்சியப் பாத்து மெதுவா மூச்சு விடு."

ஓடிவந்தவர்கள் காரைத் தூக்கினார்கள். விலா எலும்பில் கீறலோடு பிழைத்தேன்.

அந்த அம்மாவுக்கும் அன்று பயம்தான். பிறகு அவரே சொன்னார். ஆனாலும் கடைசிவரை என் கையை விடவில்லை.