என் கையில் இருந்த ஸ்டிக்

மூன்று வருடங்களுக்கு முன்பு கள்ளக்குறிச்சியில் நடந்தது இது. அங்கே இருக்கும் ஸ்னூக்கர் கிளப்பின் உரிமையாளர், வெளியூர்த் தொழில்முறை ஆட்டக்காரர்களை அழைத்து ஒரு போட்டி வைத்தார். அழைப்பு வந்தவர்கள் மட்டுமே ஆடலாம். கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போக, அந்த இடம் எனக்குக் கிடைத்தது. நான் சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவன். ஓய்வு கிடைத்தால் அந்த கிளப்பில் ஆடுவதோடு சரி.

போட்டியன்று காலை, கிளப் படியேறும்போதுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. ஆறு வருடமாக பந்து தட்டிப் பழகிய என் ஸ்டிக், வந்த பஸ்ஸிலேயே கரியாலூர் மலைக்குப் போய்விட்டது.

ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த பொது ஸ்டிக்குகள் எல்லாம் முனை தேய்ந்தவை. என்னோடு மோதவிருந்தவர் சென்னைக்காரர், ஐம்பது வயதிருக்கும். விஷயம் தெரிந்ததும் தன் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்டிக்கை நீட்டினார்.

"இத்த வெச்சி ஆடுங்க. முனை புதுசு, மெதுவா தட்டுனாலே போதும்."

பெரிய ஆட்டக்காரர், இரண்டு மூன்று வைத்திருப்பார் என்று நினைத்து வாங்கிக்கொண்டு, முகம் கழுவப் போய்விட்டேன்.

ஐந்து ஃபிரேம் ஆட்டம், மூன்று சுற்றை எடுத்தவர் ஜெயித்தவர். முதல் ஃபிரேம் அவருக்கு. அதற்குள் ஸ்டிக் என் கைக்குப் பழகிவிட்டது. அடுத்த இரண்டும் எனக்கு. குழியின் வாயில் நின்ற சிவப்புப் பந்தையே அவர் தவறவிட்டார். இடைவேளையில் மனைவிக்குப் போன் செய்தேன்.

"மெட்ராஸ்காரருன்னு பயந்துகினு வந்தேன். ஆளு ஒண்ணும் அப்படி இல்ல."

"வாய மூடிகினு ஆடுங்க" என்றாள் அவள்.

நான்காவது ஃபிரேம் அவருக்குப் போக, கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் ஜெயித்தேன். ஊர்க்காரர்கள் கைதட்டி முடிக்க நேரமாயிற்று. ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனால், அவர் தான் ஆடிய ஸ்டிக்கைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ஸ்டிக் எங்க சார்?"

"நீங்க புடிச்சிகினு இருக்கிறதுதான். ஒண்ணுதான் எடுத்தாந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நடுவரிடம் போய், ஸ்டிக்கை மாற்றிக்கொண்டு மறுபடி ஆடுகிறோம் என்றேன். சென்னைக்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் குடுத்தேன், நான் தோத்தேன். உங்க ஊர்க்காரங்க இவ்ளோ பேரு வந்திருக்காங்க, நீங்க தோத்து வெளிய போனா நல்லாவா இருக்கும்? அடுத்த ஆட்டத்துக்கும் இத்தயே வெச்சிக்கோங்க."

அன்று மதியம் அடுத்த ஆட்டத்தில் மூன்று ஃபிரேமும் தோற்றேன். தோற்றதும் ஊருக்கு பஸ் ஏறியிருக்க வேண்டியவர் முன்வரிசையில் உட்கார்ந்து, நான் போட்ட ஒரே நல்ல பந்துக்குக் கைதட்டினார். ஆட்டம் முடிந்ததும் ஸ்டிக்கை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். என் ஸ்டிக்கைச் சாயங்கால ட்ரிப்பில் கண்டக்டர் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அவர வூட்டுக்கு சாப்பிட கூப்டீங்களா?" என்றாள். அதுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்ச் சென்னைக்காரரைச் சங்கராபுரத்துக்கு அழைத்துவந்தேன். அவள் சுட்ட தோசையில் ஏழு சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

இன்றும் யாராவது என்னை 'அந்தச் சென்னைக்காரரையே ஜெயித்தவர்' என்று அறிமுகப்படுத்தினால், எப்படி ஜெயித்தேன் என்பதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்குக் கை கொடுக்கிறேன்.