தெர்மாகோல் பெட்டிக்குப் பொட்டு

என் அலமாரியில் விண்வெளிக்கென்றே ஒரு தட்டு உண்டு. ராக்கெட் படம் போட்ட தபால்தலைகள், செய்தித்தாளில் வெட்டிய நிலாப் படங்கள், ஒரு சின்னத் தொலைநோக்கி. வருபவர்கள் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, நடுவில் இருக்கும் அழுக்குத் தெர்மாகோல் பெட்டியைக் காட்டி, "இது இன்னா, மீன் வாங்கின பொட்டியா?" என்பார்கள். எனக்கு அதுதான் உசத்தி.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் எங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். அதனால் வானத்திலிருந்து எனக்கென்று ஏதாவது வந்து விழும் என்று உறுதியாக நம்பினேன். ஆயுத பூஜையன்று காலையில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் விழுந்தே கிடந்தது. கிழிந்த பலூன், நீளமான நூல், அதன் நுனியில் இந்தப் பெட்டி. உள்ளே சர்க்யூட், வெளியே வால் மாதிரி ஒயர். செயற்கைக்கோளேதான். அதற்கு எதற்குப் பலூன் என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்பா தினமும் தொழிற்சாலை கேட்டில் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டிவிட்டு வருபவர். பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஒயரு, சர்க்யூட்டுனு என்ன கண்றாவியோ! நாம இருக்கற எடம் தெரியுமில்ல? இப்பவே செக்யூரிட்டில குடுத்துட்டு வந்துர்றேன்" என்று சட்டையை மாட்டினார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

பூஜைக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்மா, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பெட்டியை என்னிடமிருந்து வாங்கினாள். அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, அப்பாவின் ஸ்பேனர்களுக்கும் என் பாடப் புத்தகங்களுக்கும் நடுவில் வைத்துவிட்டாள்.

"பூஜைல வெச்சாச்சு. இனிமே நாளைக்குப் பூஜ முடிஞ்சாதான் எடுக்கணும்."

அப்பா சட்டையைக் கழற்றினார். சாமிக்கு வைத்ததில் கை வைக்கிற தைரியம் அவருக்குக் கிடையாது. எனக்கோ ஆத்திரமாக வந்தது. விண்வெளியிலிருந்து வந்த பொருளுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா?

மறுநாள் காட்டுப்பாக்கத்திலிருந்து அம்மாவின் தம்பி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதுக்கா மாமா பயந்துகினு கீறீங்க? மழ வருமான்னு பாக்க பலூன்ல கட்டி வுடுற பொட்டி இது. எங்க ஊட்டு மாடியிலயும் ஒண்ணு வுந்துது. ஸ்டேசன்ல குடுத்தா, நீயே வெச்சுக்கய்யான்னுட்டாங்கோ."

அப்பா தன்னையே கிண்டல் செய்துகொண்டு இரண்டு தரம் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார். என் செயற்கைக்கோள் மழைப் பெட்டியானதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் யாரும் போகாத உயரத்துக்கு அது போய் வந்திருந்தது. அதுவே போதுமென்று தோன்றியது.

அதுவரை ஆயுத பூஜைக்கு, சோறு போடும் கருவிகளையும் படிக்கிற புத்தகங்களையும் தவிர வேறெதையும் அம்மா வைத்ததில்லை. அப்பாவின் பயம் ஒரு ராத்திரிக்கு மேல் நிற்காது என்று தெரிந்துதான், அந்த ஒரு ராத்திரியை எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பொட்டு வைத்த கோபத்தில், வீட்டில் என் பக்கம் நின்ற ஒரே ஆளோடு அந்த வாரம் முழுக்க டூ விட்டிருந்தேன்.