குறுக்கே உட்கார்ந்த நந்தியக்கா

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நந்தியக்கா. எல்லாரும் வேகமாய் ஓடும்போது குறுக்கே போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். பிள்ளை பெற்று, வளர்த்து, பல வருஷம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவளை முதலில் ஒருத்தரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மென்பொருளில் பிழை தேடும் வேலையைத் தலையில் கட்டினார்கள். பிழையைத் தேடித் தேடியே மேலே வந்து, ஒரு பெரிய மருத்துவமனைக்கான மென்பொருளின் வடிவமைப்புக்குத் தலைவி ஆனாள். சும்மா கிடைத்த பதவி இல்லை அது.

அந்த மென்பொருளின் கட்டமைப்பு தெளிவானது. வார்டு, பில், மருந்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு, தனி டேட்டாபேஸ். ஒன்றுக்கு மற்றொன்றிடமிருந்து தகவல் வேண்டுமானால் நடுவில் உள்ள பொதுப் பாதை வழியாகத்தான் வரவேண்டும். அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து சட்டியைத் திறக்கிற வேலை கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள், அவள் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யார் திரும்பிப் பார்த்தார்கள்?

வெளியீடு நெருங்கும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. எந்தக் கட்டிலில் எந்த நோயாளி என்று வார்டுத் திரைக்கு வேண்டிய விவரம், வாடகைக் கணக்குக்காகப் பில்லின் டேட்டாபேஸில் இருந்தது. குழுவில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் நேரே அதற்குள் கையை விட்டு எடுத்திருந்தான்.

"ஏம்ப்பா, என்ன வேலை இது?"

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுதுக்கா. உங்க வழியில சுத்திட்டு வரணும்."

"பில் படுத்துக்கிட்டா?"

"அது எதுக்குக்கா படுக்கப்போகுது!"

"படுத்தா வார்டும் சேர்ந்து படுக்கும். எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்துன்னு நர்ஸ் யாரைக் கேப்பாங்க? உன்னையா?"

அவன் தலையைச் சொறிந்தான். அதைப் பிரித்து ஒழுங்காகக் கட்டவேண்டும் என்று அவள் போய்ச் சொன்னதும், மேனேஜரோ பொரிந்து தள்ளிவிட்டார். "நல்லா ஓடறதை எதுக்கும்மா பிரிச்சுப் போடறீங்க?"

"படத்துல ஒண்ணு, உள்ள வேற ஒண்ணு கட்டி வெச்சிருக்கோம் சார். இது நம்ம காலையே வாரிவிடும்."

"தேதி தள்ளிப்போச்சுன்னா இந்தப் பதவி உங்களுக்கு இல்ல. பாத்துக்குங்க."

"சரி சார்" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது கணவன் சிரித்தான். "நானும் இனிமே வாசல் வழியாத்தான் வரணுமா? கொல்லைப்பக்கம் கூடாதா?"

"பல்லைத் தட்டிடுவேன். எனக்கே பயமா இருக்கு."

"பதவி போனா போகுது. மனசுக்குச் சரின்னு பட்டதைச் செய்."

செய்தாள். நோயாளி கட்டில் மாறினால் பில் உடனே பொதுப் பாதையில் தகவல் அனுப்பும். வார்டு அதன் பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கெட்டிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே கூட உட்கார்ந்து எழுதினான். மூச்சு வாங்க வாங்கத்தான் முடித்தார்கள், ஆனால் சொன்ன தேதியில் முடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அது ஓடத் தொடங்கிச் சில வாரம் ஆயிருக்கும். ஒருநாள் காலையில் பில் அமைப்பு படுத்தது. லேசாக அல்ல, குப்புறப் படுத்தது! மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "போச்சு, மானம் கப்பலேறிடுச்சு" என்று புலம்பியபடி தலைமை நர்ஸுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"சிஸ்டர், மன்னிக்கணும். சீக்கிரம் சரி பண்ணிடறோம்."

"எதை சார்?"

"வார்டுல... அந்தத் திரை..."

"திரைக்கு என்ன? இப்பத்தான் அதைப் பாத்துப் பாத்து எல்லாருக்கும் மருந்து குடுத்து முடிச்சோம். கையில வேலை இருக்கு சார், அப்புறம் பேசுங்க."

போன் வைக்கப்பட்டது. "அக்கா!" என்று கெட்டிக்காரன்தான் முதலில் கத்தினான், கத்திவிட்டு மேசையைத் தட்டினான். பில் விழுந்ததுகூட வார்டுக்குத் தெரியவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு யார் தந்துவிட முடியும்?

மேனேஜர் அசடு வழிந்தார். தன் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளினார். "உக்காருங்கம்மா. அடுத்த ஆஸ்பத்திரிக்கும் நீங்கதான் தலைமை."

"இருங்க சார்" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "முதல்ல அந்தப் பில்லை எழுப்பிட்டு வந்துடறேன்."