முக்காலி போட்ட ஷெட்

1. பதினேழாம் நாள் போன்

"சார், இன்னிக்குப் பதினோரு உருப்படி போயிடுச்சி சார். நேத்து ஏழு. இன்னா சார் பண்ணச் சொல்றீங்க?"

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்த போன் வந்தது. பேசியது செல்வராணி. சங்கராபுரம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் புதிதாகக் கோழி ஷெட் போட்டிருந்த பெண். அதுதான் அவருக்கு முதல் பேட்ச், குஞ்சு இறக்கி அன்றைக்குப் பதினேழாம் நாள்.

நான் ஒரு பிராய்லர் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். வேலை சுலபமாகச் சொல்லிவிடலாம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட்டும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. நாற்பது நாள் போல வளர்த்துக் கொடுத்தால் கம்பெனி வண்டி வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போகும். அதற்கு லிஃப்டிங் என்று பெயர். இந்த நாற்பது நாளும் ஷெட் ஷெட்டாகப் போய்ப் பார்ப்பவன்தான் சூப்பர்வைசர். ரிஷிவந்தியம் பக்கம் பாதி, சங்கராபுரம் பக்கம் பாதி என்று ஒரு நாளைக்கு எட்டு ஷெட் பார்ப்பேன். பார்ப்பேன் என்றால் என்ன, வாசலில் நின்று சார்ட்டில் கையெழுத்துப் போடுவேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வராணியின் கணவர் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தீபாவளிக்கு வருவார், நாலு நாளில் திரும்பிப் போய்விடுவார். முதல் பேட்ச் நல்லபடியாக வண்டி ஏறிவிட்டால் அவர் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவதாக ஏற்பாடு. ஏறவில்லை என்றால் எங்கள் கம்பெனி புது ஷெட்டுக்கு ரெண்டாம் பேட்ச் வைக்காது. அவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். குஞ்சு இறக்கிய அன்றே இதை அந்தம்மா என்னிடம் சொல்லிவிட்டார். "இது கோழி ஷெட்டு இல்ல சார், எங்க வூட்டுக்காரரு திரும்பி வர்ற வழி" என்றார். நான் சிரித்தேன்.

2. நின்றுகொண்டே பார்த்த வைத்தியம்

போனேன். மார்கழி மாதம். மலையிலிருந்து இறங்குகிற காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. ஷெட்டைச் சுற்றி நாலு பக்கமும் படுதாவை மேலிருந்து கீழ்வரை இழுத்து, சணல் கயிறு போட்டு, காற்று புகாமல் கட்டியிருந்தார். உள்ளே சாம்பிராணி வாசனை கமகமவென்று வந்தது.

"நல்லா மூடி வெச்சிருக்கம்மா" என்று பாராட்டினேன். ஆமாம், என் வாயால் பாராட்டினேன்.

கோழிகள் 'ச்சிக் ச்சிக்' என்று தும்மின. சில கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றன. வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: சளி.

"வெளியாளுங்க யாரையாவது உள்ள வுட்டியாம்மா?"

"எங்க வூட்டு நாயக்கூட வுடல சார்."

"வுட்டிருப்பே. இல்லாம எப்படி வரும்?"

அந்தம்மா முகம் சுருங்கிப்போனது. நான் தண்ணீரில் கலக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஷெட்டுக்கு வண்டியை எடுத்தேன். மறுநாள் பதினாலு.

3. அந்த முக்காலி

அதற்கு மறுநாள் போனபோது செல்வராணி ஷெட்டுக்கு உள்ளே இருந்தார். பால் கறக்கப் போட்டு உட்காருகிற சின்ன மர முக்காலி ஒன்றின் மேல், கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கண் ரெண்டும் கோவைப்பழம். அழுதிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழாதம்மா, மருந்து கேக்கும்."

"நான் அழல சார். இங்க ஒக்காந்தா கண்ணு எரியுது. சாம்பிராணிப் பொகையின்னு நெனச்சி நேத்து போடாம வுட்டேன். அப்பவும் எரியுது."

"சாம்பிராணி எதுக்கும்மா போடறே?"

அவர் என்னைப் புதுசாகப் பார்த்தார். "பச்சப் புள்ள இருக்கற வூட்டுல போட மாட்டாங்களா சார்? குளுருக்குக் கதவு சன்னல் எல்லாம் மூடிட்டு சாயங்காலம் பொகை காட்டுவாங்களே. இதுங்களும் பச்சப் புள்ளைங்கதான?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் குறுக்கிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வர்றீங்க, நின்னுக்கினே பேசறீங்க, போறீங்க. கோழி நிக்கற ஒசரத்துல யாருமே பாக்கல. செத்த ஒக்காருங்க."

எழுந்து முக்காலியைத் தள்ளி வைத்தார். மறுக்க வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! நாலைந்து மூச்சில் மூக்குக்குள் ஊசி ஏறியது. கண்ணில் மடமடவென்று தண்ணீர். அம்மோனியா. கீழே பரப்பியிருந்த உமியில், அதை நாங்கள் லிட்டர் என்போம், எச்சமும் ஈரமும் சேர்ந்து கட்டிதட்டிப் போயிருந்தது. அதிலிருந்து கிளம்புகிற காற்று போக வழியில்லாமல் முழங்கால் உயரத்தில் தேங்கி நின்றது. என் தலை நின்ற இடத்தில் அவ்வளவாக இல்லை. இருந்ததையும் சாம்பிராணி மூடிவிட்டது. பத்தாததற்கு, தினம் எட்டு ஷெட்டில் புழங்கிய மூக்கு எனக்கு. மீன்கடைக்காரனிடம் போய் மீன் வாசனை கேட்ட கதைதான்.

ஒரு கோழியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தேன். உள்ளங்காலில் கறுப்பாகப் புண். அந்த ஈரத்திலேயே நின்று வெந்துபோயிருந்தது. சளி என்று சொன்ன வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாயக்கூட வுடலன்னு சொன்னியேம்மா, நீ சொன்னது நெசம். தப்பு என்னுது" என்றேன்.

"தப்பு கெடக்கட்டும் சார். இப்ப இன்னா பண்ணணும், அத சொல்லுங்க."

படுதாவை மேல்பக்கம் ஒரு முழம் இறக்கினோம். கோழி இருக்கிற கீழ்ப்பக்கம் மூடியிருக்கட்டும், கெட்ட காற்று மேலே போகட்டும் என்பதுதான் கணக்கு. "குளுருமே சார்" என்று கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "குளுரு கொஞ்சம் தாங்கும்மா, மூச்சு முட்டுனா தாங்காது" என்றதும்தான் விட்டார். கட்டிதட்டிய லிட்டரை அள்ளி வெளியே கொட்டினோம். மிச்சத்தைக் கிளறிவிட்டுச் சுண்ணாம்பு தூவி, புது உமி பரப்பினோம். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானும் அள்ளினேன். அன்றைக்கு மற்ற ஏழு ஷெட்டுக்கும் போகவில்லை.

அடுத்த நாள் ஒன்பது. அப்புறம் ஆறு. அப்புறம் மூணு. ஒரு காலையில் போன் பண்ணி, "இன்னிக்கு ஒண்ணு கூட இல்ல சார்!" என்று கத்தினார். பக்கத்திலிருந்த டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

4. நானூறு குஞ்சு

ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அதுவும் என் கைங்கரியம்தான்.

செல்வராணியின் ஷெட் மூவாயிரம் கோழிக்குக் கட்டியது. குஞ்சு இறக்கிய அன்று வேறொரு பண்ணைக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். வண்டியில் நானூறு குஞ்சு மிச்சம். "வெச்சுக்கம்மா, எவ்ளோ சின்னதா இருக்கு பாரு, எடம் தாராளம்" என்று அங்கேயே இறக்கிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லா சூப்பர்வைசரும் செய்கிற வேலை இது. குஞ்சு சின்னதுதான். எல்லாம் நாற்பதாம் நாள் வரைக்கும் சின்னதாக இருந்துவிடுமா?

இருபத்தைந்தாம் நாள் தாண்டியதும் ஷெட்டில் தரை தெரியவில்லை. இப்படியே போனால் லிட்டர் மறுபடி ஈரமாகும், பழைய கதை திரும்பும். நானூறை முன்கூட்டியே லிஃப்டிங் எடுத்தால் மற்றது பிழைக்கும். தந்தூரிக்குச் சின்ன சைஸ் கோழி கேட்பார்கள், அதற்கு அனுப்பலாம். அதற்கு பிராஞ்ச் மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஏன்யா, ஒரு ஷெட்டுக்காக ப்ரோக்ராம மாத்துவாங்களா? ரெண்டாம் பேட்ச் வேற யாருக்காவது வெச்சிட்டுப் போயேன்" என்றார் போனில். நேரில் வந்து ஒரு தடவை பாருங்கள் என்று கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

தேய்த்த பேன்ட், மூக்கில் மாஸ்க்கோடு வாசலில் நின்றார். "எப்படியும் கறிக்குப் போற கோழிதானம்மா, இதுக்குப் போய் ஏன் இவ்ளோ?" என்று கேட்டார்.

செல்வராணி பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "போற அன்னிக்குப் போவட்டும் சார். அதுவரைக்கும் நல்லா மூச்சு வுட வாணாமா? செத்த ஒக்காருங்க." முக்காலி வந்துவிட்டது.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்தால் வேலை போய்விடும்.

மேனேஜர் உட்கார்ந்தார். கண் எரியவில்லை, அதை நாங்கள் சரி பண்ணிவிட்டோமே. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து வேறொன்று தெரிந்தது. தண்ணீர் குடிக்கப் போன ஒரு கோழி, படுத்திருந்த நாலு கோழிகளின் முதுகின் மேல் மிதித்துக்கொண்டு போனது. மிதிபட்டவை எழுந்தன, நகர இடமில்லாமல் அதே இடத்தில் உட்கார்ந்தன. இன்னொன்று அவர் ஷூவின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. காலை ஆட்டிப் பார்த்தார், இறங்கவில்லை.

"இது எங்கதான்யா போவும், தரையில எடமே காணோம்" என்றார் என்னைப் பார்த்து.

"நான்தான் சார் நானூறு ஜாஸ்தியா எறக்கிட்டேன்."

மேனேஜர் குனிந்தார். கோழியைக் கையால் மெதுவாகத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு எழுந்தார். "நாளைக்கு வண்டி வரும். இனிமே மிச்சக் குஞ்சை எங்கயும் தள்ளாத" என்று சொல்லிவிட்டு, கார் வரைக்கும் பேன்ட்டைத் தட்டிக்கொண்டே போனார்.

5. ரெண்டாம் பேட்ச்

முதல் பேட்ச் ஓஹோ என்று இல்லை. ஆனால் தேறிவிட்டது. தை முடிவதற்குள் ரெண்டாம் பேட்ச் இறக்கினோம். சரியாக மூவாயிரம். நானே நின்று எண்ணினேன்.

ரெண்டு வாரம் கழித்து வழக்கம்போல் விசிட் போனேன். வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் படுதாக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததில்லை, அவரும் என்னைப் பார்த்ததில்லை.

"சூப்பர்வைசருங்களா? உள்ள வாங்க சார். மொதல்ல ஒக்காருங்க."

"வேலைய முடிச்சிட்டு வூட்டுல வந்து ஒக்கார்றேங்க."

"வூட்ல இல்ல சார், இங்க. யாரு வந்தாலும் பத்து நிமிஷம் இதுல ஒக்கார வெச்சிட்டுதான் மறுபேச்சுன்னு ராணி சொல்லியிருக்குது. நானு வந்து எறங்கன அன்னிக்கே பையக்கூட கீழ வெக்க வுடல, இதுலதான் ஒக்கார வெச்சிது."

அதே முக்காலிதான். உட்கார்ந்தேன். கீழே உமி பொலபொலவென்று உலர்ந்து கிடந்தது. கோழிகள் அதைச் சீய்த்துச் சீய்த்துப் புரண்டுகொண்டிருந்தன. மேலே திறந்திருந்த இடைவெளியில் மலை தெரிந்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்த ஷெட்டுக்குப் போனாலும் உள்ளே போய் உட்காராமல் சார்ட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. எட்டு ஷெட் பார்த்தவனால் ஐந்துதான் பார்க்க முடிந்தது. மேனேஜர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: மருந்து லிஸ்ட்டை அப்புறம் படிக்கலாம், முதலில் கோழி உயரத்துக்கு இறங்குங்கள்.

கணவரை முதலில் பார்த்த அன்றைக்கு, செல்வராணி டம்ளரோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை, டீயை நீட்டவும் இல்லை.

"இன்னா சார், கண்ணு எரியுதா?"

"இல்லம்மா."

"அப்ப வாங்க, டீ ஆறுது."