மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு காத்தாடி

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆறாம் வகுப்போடு நின்றவள். சொல்ல வந்ததை முன்னே பின்னே போட்டுவிடுவேன், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அம்மா இருக்கிற படம் எங்கள் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான். உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை. ரயில் பெட்டி ஒன்றின் முன்னால் மெல்லிய வாயில் துணிச் சேலை கட்டி நிற்கிறார். தோளில் துண்டு சுற்றின கைக்குழந்தை. அதன் முகம் அம்மாவின் கழுத்தோடு ஒட்டியிருப்பதால் தெரியவில்லை.

அந்தக் குழந்தை எனக்கு மூத்த அண்ணன் என்றுதான் என் அக்கா சொல்லுவார். எனக்கு மூன்று வருஷம் முன்னால் பிறந்து, நடக்கப் பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டானாம். நானும் அப்படியே நம்பினேன். எனக்கு நாலு வயசில் அம்மா தவறிவிட்டார். அம்மாவோடு எனக்குப் படம் இல்லை என்பது பழகிப்போன ஒன்று.

போன மாதம் அக்கா மகன் குடும்பப் படங்களைச் சேர்த்து ஆல்பம் அச்சடிக்கப் போவதாகச் சொன்னான். இந்தப் படத்துக்குக் கீழே யார் பேர் போடுவது சின்னம்மா என்று சாதாரணமாகத்தான் கேட்டான். அந்தக் குழந்தை நானாக இருக்கக் கூடாதா என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கீழ் வீட்டில், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒருத்தர் இருக்கிறார். பழைய ரயில் படத்தைப் பார்த்து எந்தக் காலம் என்று சொல்வது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் போய்க் கதவு தட்டுகிற ஆள் இல்லை. ரெண்டு தடவை படியிறங்கித் திரும்பி வந்து, மூணாவது தடவைதான் தட்டினேன்.

படத்தில் பெட்டிக் கதவில் '3' என்று இருப்பதைக் காட்டி, மூன்றாம் வகுப்பு என்றார். மரச்சட்டம் போட்ட ஜன்னல் ரொம்பப் பழசு என்றும் சொன்னார். அப்போ அக்கா சொல்வதுதான் சரி என்று எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார்.

"பெட்டி முப்பது நாப்பது வருசம் ஓடும்க்கா. பழசைப் பார்த்தா ஏமாந்துருவோம். படத்துல எது புதுசோ, அதைத் தேடணும்."

பூதக்கண்ணாடியைப் படத்திலிருந்த ஜன்னல் மேல் வைத்தார். உள்ளே கூரையோரம் வட்டமாக ஏதோ இருந்தது. சாமான் வைக்கிற பலகையில் யாரோ கூடை வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தது அதைத்தான். கூடை இல்லை, கம்பிக் கூண்டுக்குள் சுற்றுகிற மின்சாரக் காத்தாடி. மூன்றாம் வகுப்புக்கெல்லாம் அது பிற்பாடுதான் வந்தது, எந்த வருசம் என்று தனக்கு உறுதியாகத் தெரியாது என்றார்.

எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா ரயில் பட்டறையில் வேலை செய்தவர். நான் பிறந்த சமயம் பெட்டிகளுக்குக் புதுசாகக் காத்தாடி மாட்டுகிற வேலையில் இருந்து, கிரீஸ் கையோடு வந்து என்னைப் பார்த்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணினதே அக்காதான். "காத்தாடியோட வந்தவ, ஆனா சத்தமே வராது" என்பார். அப்படியானால் அண்ணன் காலத்தில் பெட்டியில் காத்தாடியே இல்லை, அம்மா தோளில் இருப்பது நான்தான் என்று பட்டது.

மறுநாளே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டு, எப்போ இன்ஜினியர் ஆனே என்று சிரித்தார். அப்பா காத்தாடி மாட்டின கதையை எடுத்ததும் சிரிப்பு நின்றது. கீரையை விட்டுவிட்டுப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ அவனுக்கு ஒரு படம்கூட இல்லையா?"

ஏழு வயசில் அண்ணனை இடுப்பில் தூக்கித் திரிந்தவர் அக்கா. இந்தப் படத்தைப் பெரிசாக்கிச் சாமி ரூமில் மாட்டி, வருஷா வருஷம் அவன் போன நாளுக்குப் பூ வைக்கிறவர். எனக்கு அம்மா கிடைத்துவிட்டார் என்று ஓடினேனே ஒழிய, இதை நான் யோசிக்கவே இல்லை. மிச்சக் கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அக்கா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ரயில் பட்டறையில் இருந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் காத்தாடி எப்போது வந்தது என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னதில் வேறு பிழை இருந்தாலும் திருத்துங்கள். காத்தாடி நான் பிறப்பதற்கு முன்னாலேயே வந்திருந்தால் படத்தில் இருப்பது அண்ணனாகவும் இருக்கலாம்; அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அக்காவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.