உம்மாவின் பஞ்சுப் பெட்டி

மூடியைத் தூக்கியதும் முதலில் தேயிலை மணம் வரும். இஞ்சியும் ரம்பை இலையும் போட்ட கஞ்சி மணம் அதற்குப் பின்னால்தான் எட்டிப் பார்க்கும். எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பழைய தேயிலைப் பெட்டி அது. பலாபத்வலயில் சில்லறைக் கடை வைத்திருந்த எங்கள் வாப்பா, கோழிக்கூடு அடிக்கலாம் என்று அதைக் கொண்டுவந்தார். கோழி குடியேறுவதற்குள் உம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

உம்மாவுக்கு "இழுப்பு" இருந்தது. மழைக்காலத்தில் ஈர விறகு புகைந்தால் அவருடைய நெஞ்சு விசிலடிக்கும். மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும் ஒத்துக்கொள்ளாது. நாங்கள் சாப்பிட வேண்டுமென்றால் அவர் புகையில் நிற்க வேண்டும், நின்றால் மூச்சு முட்டும். உள்ளே போன மூச்சு ஒருநாள் திரும்பி வராமலே போய்விடுமோ என்பதுதான் எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே பயம்.

ஒருமுறை மாத்தளை ஆஸ்பத்திரியில் இருந்த உறவுக்காரருக்குப் பயறு அவித்துக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது. உம்மா பாதி வெந்த பயற்றைச் சட்டியோடு கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார். நோயாளர் பார்க்கும் நேரம் வரும்வரை வாசலில் காத்துக்கிடந்து, உள்ளே போய்த் திறந்தால் பயறு குழைய வெந்திருந்தது. வேறொருவராக இருந்தால் அதிசயப்பட்டு மறந்திருப்பார். உம்மா மறக்கிற ஆளா? வாப்பாவின் கிழிந்த சாரங்களைப் பைகளாகத் தைத்து, வளவில் நின்ற இலவமரத்துப் பஞ்சை அடைத்து, பெட்டிக்குள் சுற்றிவர மெத்தை போட்டுவிட்டார். நடுவில் சட்டி உட்கார ஒரு குழி, மேலே ஒரு தலையணை, அதற்கு மேல் பலகை மூடி. நன்றாக ஒரு கொதி கொதித்ததும் சட்டியை இறக்கி உள்ளே வைத்தால், மிச்ச வேலையை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். அடுப்பை அணைத்துவிட்டு உம்மா முற்றத்துக் காற்றில் வந்து நிற்பார். சட்டம் ஒன்றுதான்: "இடையில தொறக்கப்படாது. தொறந்தா சூடு ஓடிரும்."

வாப்பாவின் மூத்த சகோதரியான எங்கள் மாமிக்கு இது பிடிக்கவேயில்லை. "பஞ்சுக்குள்ள வெச்சா கஞ்சி வேகுமா புள்ள? குஞ்சுதான் பொரிக்கும்!" என்று ஊர்முழுக்கச் சொல்லிச் சிரித்தார். கடைசியில், நோன்பு திறக்கத் தானே வருவதாகவும், கஞ்சி வேகாவிட்டால் பெட்டியை உடைத்து விறகாக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அக்காவின் முன்னால் வாப்பாவுக்கு வாய் எழும்பாது. "சரி மதினி, வாங்க" என்றார் உம்மா. பெட்டி போனால் பழையபடி புகைதான் என்று எனக்கு நெஞ்சு பதறியது.

இத்தனை பதறிய நான் செய்த வேலையைக் கேளுங்கள். நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கஞ்சிக்கு உப்புப் பார்க்கமாட்டார்கள். நோன்பு பிடிக்காத சின்னப்பிள்ளைதான் பார்த்துச் சொல்லும். முந்திய வருடம்வரை அந்த உத்தியோகம் என்னுடையது. அந்த வருடம் நானும் நோன்பாளி. ஆனால் பழகின கால் சும்மா இருக்குமா? பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கி மணந்து பார்த்தேன். உப்பு மணக்குமா என்று கேட்காதீர்கள், அந்தப் பசியில் எல்லாம் மணந்தது. மூன்று தரம் போனேன்.

நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், மத்தியானமே வந்திறங்கிவிட்ட மாமியோடு எல்லோரும் பார்க்க உம்மா பெட்டியைத் திறந்தார். ஆவி வரவில்லை. அகப்பையில் அள்ளினால் அரிசி அரிசியாகவே கிடந்தது.

"நான் சொன்னேனா இல்லியா?" என்றார் மாமி. வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். உம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் தொறந்தேன் உம்மா! மூணு தரம். மணந்துதான் பாத்தேன், திங்கல்ல, அல்லாஹ்மேல சத்தியம்!" என்று ஓவென்று அழுதேன்.

மாமி தொண்டையைச் செருமினார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நானும் தொறந்து பாத்தேன்தான்," என்றார் சுவரைப் பார்த்து. "ரெண்டு தரம்."

உம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகியது. "நீங்க வெளிய போங்க புள்ள," என்று அவரைத் தள்ளிவிட்டு, ஊதுகுழலை எடுத்து மாமியே அடுப்பை ஊதினார். ஈர விறகு அவருக்காக இரக்கம் காட்டவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்தவர், "யா அல்லாஹ், இதுக்குள்ளயா நீங்க நாளும் நிக்கிற?" என்றார். அன்று பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தோம். கஞ்சி தொழுகைக்குப் பிறகுதான் கிடைத்தது. பெட்டியை உடைக்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை மாமி பஸ் ஏறி மறுபடியும் வந்தார். வந்தவர் நேரே போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். "நான் எழும்பினாத்தானே தொறப்பீங்க!" என்று பாங்கு சொல்லும்வரை அசையவில்லை. கஞ்சி குழைந்து வெந்திருந்தது. மூன்று கோப்பை குடித்துவிட்டு, "உப்புத்தான் கொஞ்சம் கொற," என்றார்.

இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் போகிறது. பலகைப் பெட்டியைக் காண முடியாது. எங்கள் பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. மாமியும் இல்லை. எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்ற நாட்களில், மீன்காரர் ஐஸ் போட்டுவைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றை வாங்கி, பழைய துணிகளை அடைத்து நான் சோறாக்கினேன்; பக்கத்து வீட்டார் வந்து பார்த்து ஆளுக்கொன்று செய்துகொண்டார்கள். இன்றும் என் வீட்டில் பருப்பும் கஞ்சியும் அதில்தான் வேகின்றன. வீசுகிற சாமானில் பாதி, இன்னொரு வேலைக்குக் காத்திருக்கிற சாமான் என்று யாரோடும் வாதாட நான் தயார்.

உம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து அறையில் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த விசில் சத்தம் நின்று எத்தனையோ வருடங்களாகின்றன. ஆனாலும் அறையைக் கடக்கும்போதெல்லாம் நான் கதவடியில் நின்று, அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.