நேற்றைய காய்ச்சல்

என் மகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் முன் தர்மாமீட்டரை மூன்று தடவை உதறுவேன். பாதரசம் இறங்கிவிட்டதா என்று சன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் உதறுவேன். என் கணவர் கேலி செய்வார். ஐந்தாம் வகுப்பில் நான் செய்த காரியம் அவருக்குத் தெரியாது.

அப்போது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். அப்பா தினமும் ரயிலில் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வருவார். தம்பிக்கு ஒரு வயது. அடிக்கடி காய்ச்சல் வரும். அதுவரை எங்கள் வீட்டில் காய்ச்சல் பார்த்தது அம்மாவின் புறங்கைதான். கழுத்தில் ஒரு நொடி வைத்து எடுத்து, கஷாயம் போதுமா, டாக்டரிடம் போக வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் அப்பா விழுப்புரத்திலிருந்து தர்மாமீட்டர் வாங்கி வந்தார். அன்று மாலை தம்பிக்கு நூற்று மூன்று. காலையிலும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, மறுநாள் முதல் ரயிலுக்குப் போய்விட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எண்ணைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

காலையில் தம்பியின் கக்கத்தில் வைத்து எடுத்தேன். நூற்று மூன்று. அம்மா அவன் கழுத்தில் புறங்கையை வைத்தாள். கை ஈரமோ என்று முந்தானையில் துடைத்து மறுபடியும் வைத்தாள்.

"ஜில்லுன்னு கீதேடி."

"கைக்கு இன்னாம்மா தெரியும்? இதுல நம்பரே போட்டிருக்குது."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உலையை இறக்கி வைத்துவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மல்லாட்டைக் கொல்லைகள் வழியே, வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, இரண்டு மைல் வெயிலில் நடந்தோம். வழியெல்லாம் தம்பி அவள் மூக்குத்தியைப் பிடுங்கப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். காய்ச்சல் முற்றித்தான் இப்படிச் சிரிக்கிறானோ என்று பயந்து நான் முன்னால் ஓடினேன்.

டாக்டரின் கம்பவுண்டர் தம்பியைத் தொட்டுப் பார்த்தார். என் கையிலிருந்த தர்மாமீட்டரை வாங்கித் தன் கக்கத்தில் செருகினார். சற்றுப் பொறுத்து எடுத்து, என்னையே படிக்கச் சொன்னார். நூற்று மூன்று.

"அப்ப எனக்கும் மருந்து கலக்கணும். உதறாம வெச்சா இது நேத்து ஜொரத்தத்தான் காட்டும், பாப்பா. தம்பி நல்லா கீறான். இட்டுக்கினு போங்கம்மா."

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். திரும்பும் வழியில் அம்மாவுக்கு வெகு பின்னால் அழுதுகொண்டே வந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் இனி அந்தக் கண்ணாடிக் குச்சியைத் தொடவே விடமாட்டார்.

மாலையில் அப்பா விசாரித்தார். டாக்டரிடம் போய்க் காட்டியதாகவும் காய்ச்சல் விட்டுவிட்டதாகவும் அம்மா சொன்னாள். உதறாததையும் ஊர் சிரித்ததையும் சொல்லவில்லை. மாடத்திலிருந்து தர்மாமீட்டரை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

"ஒதறிட்டு வெய்யி. எவ்ளோன்னு சொல்லு."

உதறி, தம்பியின் கக்கத்தில் வைத்தேன். தொண்ணூற்றெட்டரை என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இந்தத் தடவை புறங்கையை வைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் அம்மாவும் தர்மாமீட்டரை நம்பிவிட்டாள் என்று அன்று மகிழ்ந்து போனேன். கைக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அந்த இரண்டு மைலும் அவள் யாரை நம்பி நடந்தாள் என்பது, எனக்கொரு மகள் பிறக்கும்வரை தெரியவில்லை.